தவக்காலக் கேள்விகள்: காவித்துணியும் கணக்குச் சீட்டும்

தவக்காலத்தையொட்டி நம் கடற்கரை அன்பியங்களில் (பங்கின் சிறு ஜெபக்குழுக்களில்) எழுந்த கேள்விகளும், ஓய்வுபெற்ற உபதேசியார் ஒருவர் சொன்ன பதில்களும்.

தங்கச்சிமடம்: வருசா வருசம் தவக்காலத்துல காவி கட்டி, செருப்பில்லாம நடக்கிறேன். வீட்டுக்காரி வேஷம்ங்கிறா. விட்டுடவாய்யா?

ஏன் தம்பி விடணும்? புனித அருளானந்தரே (ஜான் டி பிரிட்டோ) காவி கட்டினவர்தானே. போர்ச்சுக்கல்லில் பிறந்த சேசு சபைக் குரு, இங்கே வந்து பண்டாரச் சாமியாக, அதாவது நம்மூர்த் துறவி போல வாழ்ந்தார், புலால் மறுத்தார். ஆனால் 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் அவர் தலை விழுந்தது துணிக்காக அல்ல. அவரிடம் போதனை கேட்டு ஞானஸ்நானம் பெற்ற மறவர் தலைவர் தடியத்தேவர், இனி ஒரே மனைவி என்று முடிவெடுத்து மற்றவர்களை விலக்கினார். அதில் ஒருத்தி ராமநாதபுரம் மன்னர் சேதுபதிக்கு உறவு. வினை அங்கேதான் தொடங்கியது. (விலக்கப்பட்ட பெண்களின் பாடு என்ன ஆனது என்று நம் பிரசங்கங்களில் யாரும் கேட்பதில்லை. எனக்கு அது உறுத்தும்.) மனமாற்றம் வீட்டுக்குள் நுழைந்தால் எவ்வளவு புரட்டிப்போடும் என்று பாருங்கள். ஓரியூர்ச் செம்மண்ணைப் பொட்டலம் கட்டிக்கொண்டு வருகிறோம், இதை மட்டும் அங்கேயே விட்டுவிடுகிறோம். காவி இருக்கட்டும். வேஷம் என்று ஏன் சொன்னாய் என்று மனைவியிடமே கேளுங்கள், குறுக்கே பேசாமல்.

பாம்பன்: எனக்குச் சர்க்கரை. ஒருசந்தி (ஒருவேளைச் சாப்பாட்டு நோன்பு) இருக்கலன்னா பாவமா?

இல்லையம்மா. சாம்பல் புதன், பெரிய வெள்ளி, இந்த இரண்டு நாள்தான் கடமை. அதுவும் 18 முதல் 59 வயது வரை. நோயாளிக்கு விலக்கு உண்டு. மாத்திரை போட்டுச் சாப்பிடுங்கள்.

மூக்கையூர்: விசைப்படகு வச்சிருக்கேன். திருவிழாப் பந்தல் செலவு முழுக்க என்னுதுதான். ஆனாலும் மனசு நிறையல.

சம்மாட்டி, கோபப்படாமல் கேளுங்கள். டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு கழித்துத்தானே ஆட்களுக்குப் பங்கு பிரிக்கிறீர்கள்? ஐஸ் எத்தனை பார் ஏறியது, டீசல் எத்தனை லிட்டர் என்ற சீட்டை அவர்கள் பார்த்ததுண்டா? கணக்கு நேராக இருந்தால் காட்டுவதில் நட்டமில்லை. வரி வசூலித்த சக்கேயு ஆண்டவரை மகிழ்ச்சியோடு வீட்டில் வரவேற்றார். ஆனால் மீட்பு வந்தது என்று இயேசு சொன்னது, 'ஏமாற்றியிருந்தால் நாலு மடங்காய்த் திருப்புகிறேன்' என்று அவர் வாய்திறந்த பிறகு. லூக்கா 19-ஐ ஆட்களோடு உட்கார்ந்து வாசியுங்கள், சீட்டும் கையில் இருக்கட்டும்.

ராமேஸ்வரம்: கம்மல் போட்டதுக்கு, பூசை முடிஞ்சு எல்லார் முன்னாடியும் ஒரு பெரியம்மா திட்டிட்டாங்க. பேதுருவே நகை கூடாதுன்னு எழுதியிருக்காராம்.

அதே இடத்தில், சாந்தமும் அமைதியும் உள்ள மனம்தான் விலையுயர்ந்தது என்றும் எழுதியிருக்கிறார். சபையில் வைத்து ஒரு பிள்ளையைத் திட்டுபவருக்கும் சேர்த்துத்தான் அந்த வசனம். நீ திருப்பிப் பேசாதே, கம்மலையும் கழற்றாதே.

ஓலைக்குடா: படகுப் பாகத் தகராறுல அண்ணன்கூடப் பேச்சில்ல. நற்கருணை வாங்கலாமா?

காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் சகோதரனோடு சமாதானமாகு என்கிறது மத்தேயு 5. ஏப்ரல் 15 முதல் மீன்பிடித் தடைக்காலம், அவரும் கரையில்தான் இருப்பார். போய்ப் பேசுங்கள். அன்றைக்குப் படகுப் பேச்சை மட்டும் எடுக்காதீர்கள். அதை இன்னொரு நாள், ஊர்ப் பெரியவர் ஒருவரை வைத்துக்கொண்டு பேசிக்கொள்ளலாம். அண்ணன் முகங்கொடுக்காவிட்டால் பங்குச்சாமியாரிடம் சொல்லுங்கள், அவர் வழிகாட்டுவார்.