சபைக்கு வரிவிலக்கு: பொருளாளர்கள் கேட்ட ஆறு கேள்விகள்

காணிக்கை ரசீது கொடுக்கும் ஜனவரி வந்துவிட்டால் போதும், அமெரிக்காவில் உள்ள தமிழ்ச் சபைகளின் பொருளாளர்களுக்குச் சந்தேகங்கள் கிளம்பிவிடும். இந்த முறை வந்த கேள்விகளில் பலருக்கும் உதவக்கூடியவை இவை.

எங்கள் சபைக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. வேறொரு ஆலயத்தை வாடகைக்கு எடுத்து ஞாயிறு மாலையில் ஆராதனை நடத்துகிறோம். ஐஆர்எஸ் (அமெரிக்க வருமான வரித் துறை) கொடுத்த விலக்குக் கடிதமும் இல்லை. எங்களுக்கு வரிவிலக்கு உண்டா?

உண்டு. தொண்டு, மத அமைப்புகளுக்கு விலக்குத் தரும் வருமான வரிச் சட்டத்தின் 501(சி)(3) பிரிவின் நிபந்தனைப்படி நடக்கும் சபைக்கு, விண்ணப்பிக்காமலேயே விலக்கு கிடைக்கிறது. மற்ற தொண்டு அமைப்புகள் ஆண்டுதோறும் தாக்கல் செய்யும் படிவம் 990-ம் உங்களுக்குத் தேவையில்லை. ஆனால் சபையின் பெயரில் இஐஎன் எண் (அமைப்புகளுக்கு ஐஆர்எஸ் தரும் அடையாள எண்), அந்த எண்ணில் வங்கிக் கணக்கு, சபை கலைந்தால் சொத்து வேறொரு தொண்டு அமைப்புக்கே போகும் என்று சொல்லும் விதி, இவை மூன்றும் வேண்டும். காணிக்கைப் பணம் இன்னும் யாருடைய சொந்தக் கணக்கிலாவது கிடந்தால் இந்த வாரமே மாற்றுங்கள்.

கடிதம் வாங்குவது உங்கள் விருப்பம். படிவம் 1023, கட்டணம் 600 டாலர். சுருக்கமான 1023-இஇசட் சபைகளுக்குக் கிடையாது. உறுப்பினர் பலர் ஐடி கம்பெனிகளில் இருந்து, கம்பெனியின் மேட்சிங் பணத்தையும் (ஊழியர் கொடுக்கும் காணிக்கைக்கு ஈடாகக் கம்பெனியும் தருவது) எதிர்பார்க்கிறீர்கள் என்றால் வாங்கிவிடுங்கள். அங்கே ஐஆர்எஸ் பட்டியலில்தான் பெயரைத் தேடுவார்கள். மத அமைப்புகளுக்கு மேட்சிங்கே கொடுக்காத கம்பெனிகளும் உண்டு, அதை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

ரசீதில் தொகையும் தேதியும் இருந்தால் போதாதா?

ஒரே தடவையில் 250 டாலரோ அதற்கு மேலோ கொடுத்திருந்தால் போதாது. "இந்தக் காணிக்கைக்கு ஈடாக, ஆன்மிக நன்மை தவிர வேறு பொருளோ சேவையோ தரப்படவில்லை" என்ற வாக்கியம் இருந்தாக வேண்டும். 2007-ல் தங்கள் சபைக்கு 22,000 டாலருக்கு மேல் கொடுத்த ஒரு தம்பதி, 2012-ல் வரி நீதிமன்றத்தில் தோற்றதற்குக் காரணம் இந்த வாக்கியம் விட்டுப்போனதுதான். சபை பின்னால் சரியாக எழுதி இன்னொரு கடிதம் கொடுத்தது. காலம் கடந்துவிட்டது என்று நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வரிக் கணக்கைத் தாக்கல் செய்வதற்கு முன்பே, அல்லது அதற்கான கெடு முடிவதற்குள், எது முந்தியதோ அதற்குள் ரசீது கையில் இருக்க வேண்டும்.

2026-ம் ஆண்டுக் கணக்கிலிருந்து, வரிக் கழிவுகளை ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டுக் காட்டாதவர்களும் ரொக்கக் காணிக்கையில் 1,000 டாலர் வரை, தம்பதியாகத் தாக்கல் செய்தால் 2,000 வரை, கழித்துக்கொள்ளலாம். இதுவரை ரசீதே கேட்காதவர்களும் இனிமேல் கேட்பார்கள்.

சபைக்கு வரிவிலக்கு இருப்பதால் போதகரும் வரி கட்ட வேண்டாம் என்கிறார் எங்கள் மூப்பர். சரியா?

தவறு. விலக்கு சபைக்குத்தான், சம்பளம் வாங்குகிறவருக்கு அல்ல. சபை அவருக்கு டபிள்யூ-2 என்ற ஆண்டுச் சம்பளப் படிவம் கொடுக்க வேண்டும். ஆனால் சோஷியல் செக்யூரிட்டி (அரசு ஓய்வூதியம்), மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பீடு) பிடித்தம் செய்யக் கூடாது. அதற்குப் பதிலாக, சபை ஊழியத்தில் கிடைக்கும் சம்பளத்துக்கு அவரே சுயதொழில் வரி கட்டுகிறார், 15.3 சதவீதம். ஆர்கன் வாசிப்பவருக்கும் துப்புரவுப் பணியாளருக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது, அவர்களுக்கு வழக்கமான பிடித்தம்தான்.

போதகருக்குக் கிடைக்கும் பெரிய சலுகை வீட்டுப்படி. உதாரணமாக, ஆண்டுக்கு 48,000 டாலர் தருகிறீர்கள், அதில் 24,000-ஐ வீட்டுப்படி என்று கமிட்டி தீர்மானிக்கிறது. வீட்டுக்கு அவர் செலவு செய்தது 21,000. அந்த வீட்டுக்குச் சாமான்களோடு சேர்த்து ஊரில் கிடைக்கக்கூடிய வாடகை 26,000. மூன்றில் எது குறைவோ அதற்குத்தான் வருமான வரி விலக்கு, அதாவது 21,000. மீதி 3,000-ஐ அவர் வருமானத்தில் சேர்க்க வேண்டும். சுயதொழில் வரிக்கு 48,000-ம் கணக்கில் வரும். போதகர்கள் பலர் சறுக்குவது இங்கேதான். டிசம்பரில் உட்கார்ந்து, கடந்த ஜனவரியிலிருந்தே வீட்டுப்படி என்று தீர்மானம் எழுத முடியாது. பணம் கொடுப்பதற்கு முன்பே கமிட்டியின் மினிட்ஸில் (கூட்டக் குறிப்பில்) தொகை பதிவாகியிருக்க வேண்டும்.

அப்புறம், கிறிஸ்துமஸுக்குச் சபையில் தட்டு எடுத்துக் கொடுக்கும் அன்பின் காணிக்கையும் அவருக்கு வருமானம்தான். சங்கடமாக இருந்தாலும் டபிள்யூ-2-வில் சேருங்கள்.

தமிழ்நாட்டில் உள்ள ஒரு ஊழியரின் பெயரைக் கவரில் எழுதி, "இவருக்கே போகணும்" என்று ஒரு குடும்பம் மாதாமாதம் தருகிறது. ரசீது கொடுக்கலாமா?

அப்படியே வாங்கி அப்படியே அனுப்பினால் கொடுக்கக் கூடாது. அங்கே சபை வெறும் தபால்காரர். அந்தப் பணிக்கு உதவலாம் என்று கமிட்டி தானே முடிவெடுத்து, பணம் எங்கே போகிறது என்பது சபையின் கட்டுப்பாட்டில் இருந்து, செலவுக் கணக்கும் கேட்டு வாங்கினால்தான் அது சபைக்குக் கொடுத்த காணிக்கையாகும். இதைக் கொடுப்பவரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இந்தியாவின் சட்டம் இதைவிடக் கறார். பணத்தைப் பெறும் அமைப்புக்கு எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ இருக்க வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு, பணம் முதலில் ஸ்டேட் பாங்கின் புது தில்லி முதன்மைக் கிளையில் உள்ள கணக்குக்குத்தான் வர வேண்டும், அங்கிருந்து இன்னொரு அமைப்புக்குக் கைமாற்றவும் முடியாது. சபைப் பணிக்கான தொகையை ஊழியரின் சொந்த சேமிப்புக் கணக்குக்கு அனுப்பினால் மாட்டிக்கொள்வது அவர்தான்.

கடையில் சபைக்கு நாற்காலி வாங்கினால் விற்பனை வரி உண்டா?

மாநிலத்தைப் பொறுத்தது. டெக்சாஸில் மாநிலத்திடம் தனியாக விண்ணப்பித்து விலக்கு பெறலாம். கலிபோர்னியாவில் சபைகளுக்குப் பொதுவான விலக்கு இல்லை.

மாதாமாதம் சாப்பாட்டு ஸ்டால் போடுகிறோம். பக்கத்து ஸ்டேடியத்தில் மேட்ச் நடக்கும் நாட்களில் எங்கள் இடத்தில் கார் நிறுத்தவும் காசு வாங்குகிறோம். வரி வருமா?

வேலை முழுவதையும், ஏறக்குறைய முழுவதையும் என்றே வையுங்கள், சம்பளம் வாங்காத சபையாரே செய்தால் இரண்டுக்கும் கூட்டாட்சி வருமான வரி இல்லை. பார்க்கிங்கைப் பார்த்துக்கொள்ளச் சம்பளத்துக்கு ஆள் வைத்து, அதைத் தொடர்ந்து நடத்தினால் கதை வேறு. அத்தகைய தொழில்களின் மொத்த வரவு ஆண்டுக்கு 1,000 டாலரைத் தொட்டாலே இத்தகைய தொழில் வருமானத்துக்கான படிவம் 990-டி தாக்கல் செய்ய வேண்டும். 990 வேண்டாம் என்ற சலுகை இதற்கு உதவாது. இடம் சபைக்குச் சொந்தமானால் சொத்து வரி விலக்கும் அடிபடலாம், ஏனென்றால் பல மாநிலங்களில் இடத்தை எதற்குப் பயன்படுத்துகிறீர்கள் என்பதை வைத்தே அந்த விலக்கு. கவுண்டி மதிப்பீட்டு அலுவலகத்தில் கேட்டுவிட்டு ஆள் வையுங்கள்.