கிட்னிக்குப் போனால் எக்கோ எதற்கு?

'யாங்கோனில் அப்பாவைக் கிட்னிக்காகக் காட்டினோம், ரத்தத்தில் கிரியாட்டினின் (கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவு) 1.9, டாக்டர் எக்கோ (இதயத்தின் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்) எடுக்கச் சொன்னார், நெஞ்சுவலியே இல்லாதவருக்கு அது ஏன்' என்று கேட்டிருக்கிறீர்கள்.

டாக்டர் சொன்னது சரிதான். சிறுநீரக நோயாளிகளில் பலர் டயாலிசிஸ் வரை போவதற்கு முன்பே இதய நோயால் இறந்துவிடுகிறார்கள். உப்பும் நீரும் வெளியேறாமல் தேங்கினால் ரத்த அழுத்தம் ஏறும். அதை எதிர்த்துத் தள்ளித் தள்ளி இதயத்தின் இடது கீழறைச் சுவர் தடித்துவிடும். எக்கோவில் பார்ப்பது முக்கியமாக அதைத்தான். பாஸ்பேட் கூடினால் ரத்தக்குழாய்ச் சுவரில் கால்சியம் படிந்து விறைக்கும். ரத்தசோகையும் சேர்ந்தால் இதயத்துக்கு இன்னும் சுமை.

சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் போகிறதா என்றும் பாருங்கள். அப்புறம் சாப்பாடு: குழம்பில் உப்பைக் குறைத்துவிட்டு, பக்கத்தில் நாப்பியை (உப்பு மிகுந்த பர்மிய மீன், இறால் விழுது) தொட்டுக்கொண்டால் என்ன பயன்? பொட்டாசியம் கலந்த 'சோடியம் குறைந்த' உப்பும் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். கிட்னி கெட்டவர்களுக்குப் பொட்டாசியம் ஏறினால் இதயத்துடிப்பே தடுமாறும்.