கடன் வாங்கியவர் யார்?

கேள்வி: ஏழு ஆண்டுகளுக்கு ஒருமுறை உடம்பிலுள்ள செல்கள் மொத்தமும் மாறிவிடுமாமே! அப்படியானால் பத்து வருடத்துக்கு முன் கடன் வாங்கிய ஆள் வேறு, நான் வேறு என்று சொல்லலாம்தானே?

பதில்: தாராளமாக. அந்த ஆள் வாங்கிப்போட்ட வீட்டை முதலில் காலி செய்துவிட்டுச் சொல்லுங்கள்.

ஏழு ஆண்டுக் கணக்கே தப்பு. குடலின் உள்தோல் சில நாட்களில் புதிதாகிவிடும். சிவப்பணு சுமார் 120 நாள் தாங்கும். மூளைப் புறணியின் (மூளையின் வெளியடுக்கு) நரம்புச் செல்களோ பிறவியிலிருந்து கூடவே வருபவை. இது எப்படித் தெரிந்தது? 1955 முதல் 1963 வரை நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 (கார்பனின் கதிரியக்க வகை) ஏறக்குறைய இரட்டிப்பாகி, பிறகு மெல்லக் குறைந்தது. ஒரு செல் உருவாகும்போது அன்றைய அளவு அதன் டிஎன்ஏவில் பதிந்துவிடும். அதை அளந்தால் செல் பிறந்த ஆண்டு கிடைக்கும். ஸ்வீடனில் யோனாஸ் ஃப்ரிசேனின் குழு 2005-இல் அளந்தபோது, புறணியின் நரம்புச் செல்லுக்கும் ஆளுக்கும் ஒரே வயது. கண் வில்லையின் நடுப்பகுதிப் புரதம் இன்னும் பழசு, கருவிலேயே உருவானது. கடன் பத்திரத்தைப் படித்த அதே வில்லை வழியாகத்தான் இதையும் படிக்கிறீர்கள். (கண்புரை அறுவை செய்துகொண்டிருந்தால் இந்த ஒரு வரியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.)

செல் நிலைத்தாலும் அதற்குள் இருக்கும் புரதங்களில் பெரும்பாலானவை மாறிக்கொண்டேதான் இருக்கின்றன. ஆகவே சரக்கை வைத்து ஆளைத் தீர்மானிக்க முடியாது.

அடுத்து 'வாங்கியதே ஞாபகமில்லை' என்பீர்கள். நினைவு எட்டும் தூரம்வரைதான் ஒரே ஆள் என்று 1694-இல் ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக் எழுதினார். ஸ்காட்லாந்துத் தத்துவவாதி தாமஸ் ரீட் 1785-இல் அதை மடக்கினார். அறுபது வயதுக்காரருக்கு முப்பது வயது நினைவிருக்கிறது. முப்பதில் பத்து வயது நினைவிருந்தது. அறுபதில் பத்து மறந்துபோயிற்று. அப்படியானால் அறுபதும் முப்பதும் ஒரே ஆள், முப்பதும் பத்தும் ஒரே ஆள், அறுபதும் பத்தும் மட்டும் வேறு வேறா? கணக்கு உதைக்கிறது. நேரடி நினைவு வேண்டாம், கண்ணி விடாமல் கோத்துக்கொண்டு வந்தால் போதும் என்றுதான் லாக் கட்சியினர் பிற்பாடு திருத்திக்கொண்டார்கள்.

அந்தக் கண்ணியும் நினைவால் மட்டும் ஆனதல்ல. ஹென்றி மோலைசனுக்கு 1953-இல் வலிப்புக்காக மூளையில் அறுவை செய்தார்கள். அதன்பின் புதிதாக எதுவும் மனதில் தங்கவில்லை. கண்ணாடியில் மட்டும் பார்த்து நட்சத்திரக் கோட்டின் மேல் பென்சிலை ஓட்டச் சொன்னார்கள். மூன்றாம் நாள் கை நன்றாகத் தேறிவிட்டது. முன்பு வரைந்ததோ அவருக்கு ஞாபகமே இல்லை.

கடன் பத்திரத்தில் உள்ள கையெழுத்துக்குப் பக்கத்தில் இன்று ஒன்று போட்டுப் பாருங்களேன்.