டெல்டாவில் இருக்கும் நான் ஃபிளெக்ஸ் ஃபியூயல் பைக் வாங்கலாமா? பெட்ரோலுக்கு எத்தனால் உண்மையிலேயே மாற்றாகுமா?

பெட்ரோல், எத்தனால், இரண்டின் கலவை என எதை ஊற்றினாலும் ஓடுவதுதான் ஃபிளெக்ஸ் ஃபியூயல் பைக். எத்தனாலில் ஓடுமா என்று கேட்டால் நன்றாகவே ஓடும். கட்டுப்படியாகுமா என்று கேட்டால் இப்போதைக்கு ஆகாது. மன்னார்குடிப் பக்கம் கொஞ்சம் வயலும் ஒரு பழைய கார்புரேட்டர் பைக்கும் வைத்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்.

எஞ்சினைப் பற்றிக் கவலையே வேண்டாம். பிரேசில் 1975-லேயே கரும்பு எத்தனாலை வண்டிக்கு ஊற்றும் திட்டத்தைத் தொடங்கிவிட்டது. 1979-ல் முழுக்க எத்தனாலில் ஓடும் ஃபியட் 147 கார் வந்தது. பத்து வருடம் நன்றாகப் போனது. அப்புறம் ஆலைகள் சர்க்கரைப் பக்கம் சாய்ந்தன, பங்க்கில் எத்தனால் தட்டுப்பாடு. எத்தனால் கார் வைத்திருந்தவர்கள் திண்டாடிப்போனார்கள். அந்தச் சூடு பட்ட பிறகுதான், எதை ஊற்றினாலும் ஓடும் வண்டி வேண்டும் என்ற எண்ணம் அங்கே வலுத்தது. 2003-ல் ஃபோக்ஸ்வாகன் கோல் அப்படி வந்தது.

வேலை செய்யும் விதம் எளிதுதான். ஒரு கிலோ பெட்ரோல் எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 கிலோ போதும். புகையில் எவ்வளவு ஆக்சிஜன் மிச்சம் என்று சைலன்சர் பக்கம் இருக்கும் சென்சார் பார்த்துச் சொல்ல, டேங்கில் என்ன கலவை என்று கணித்து இன்ஜெக்டர் கூட்டியோ குறைத்தோ பீய்ச்சுகிறது. குளிரில் எத்தனால் வண்டி கிளம்ப அடம்பிடிக்கும். அதற்காகவே பிரேசில் கார்களில் குட்டி பெட்ரோல் டேங்க் ஒன்று தனியாக வைத்தார்கள். நம் ஊரில் மார்கழிக் காலையில்கூட அந்தக் கவலை இல்லை.

சிக்கல் விலையில். ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் சக்தி பெட்ரோலில் இருப்பதைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதனால் பிரேசில்காரர்கள் பங்க்கில் ஒரு மனக்கணக்குப் போடுவார்கள்: எத்தனால் விலை பெட்ரோல் விலையில் 70 சதவீதத்துக்குள் இருந்தால் எத்தனால், தாண்டினால் பெட்ரோல். இங்கே பெட்ரோல் 100 ரூபாய் என்று வையுங்கள், எத்தனால் 70-க்குக் கிடைக்க வேண்டும். 2024-25-ல் கரும்புச் சாற்று எத்தனாலுக்கு அரசு நிர்ணயித்த கொள்முதல் விலையே லிட்டருக்கு 65.61 ரூபாய், மக்காச்சோள எத்தனாலுக்கு 71.86. இதற்கு மேல் வரி, லாரி வாடகை, பங்க் கமிஷன். 70-க்குள் எங்கே அடங்கும்? அரசு வரியில் இறங்கி வந்தால்தான் உண்டு. 2024-ல் இந்தியன் ஆயில் ஐந்து மாநிலங்களில் 183 பங்க்குகளில் எத்தனால் 100 (ஏறக்குறைய முழுக்க எத்தனாலே ஆன எரிபொருள்) விற்பனையைத் தொடங்கியது, அதில் தமிழ்நாடும் உண்டு. எங்கள் பக்கத்து பங்க்குகளில் நான் இன்னும் பார்க்கவில்லை. இந்த நிலையில் ஃபிளெக்ஸ் பைக் வாங்கினாலும் சாதாரண பெட்ரோலைத்தான் ஊற்றிக்கொண்டிருப்பீர்கள்.

டெல்டாக்காரர்களுக்கு இன்னொரு கேள்வியும் உண்டு: அந்த எத்தனால் எதிலிருந்து வருகிறது? கரும்பிலிருந்து எடுத்தால் ஒரு லிட்டருக்கு சுமார் 2,860 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று நிதி ஆயோக் அறிக்கையே சொல்கிறது. ஜூன் 12-ல் மேட்டூர் திறப்பார்களா என்று வருடா வருடம் அண்ணாந்து பார்க்கும் நாம், காருக்காகக் கரும்பு போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. நொய்யும் கெட்டுப்போன நெல்லும் வேறு கதை. ஒரு டன் நொய்யிலிருந்து சுமார் 450 லிட்டர் எத்தனால் எடுக்கலாம். ஐப்பசி மழையில் கொள்முதல் நிலைய வாசலில் நனைந்து முளைவிட்ட குறுவை நெல்லை ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிவிட்டது என்று திருப்பி அனுப்புகிறார்களே, அது இப்படிப் போனால் நல்லதுதான். ஆனால் ஆலைக்கு வருடம் முழுக்கச் சரக்கு வேண்டும், நனைந்த நெல்லோ சில வாரங்கள்தான் வரும். மீதி மாதங்களுக்கு நல்ல அரிசியைத்தான் கேட்பார்கள், அங்கேதான் எனக்கு இடிக்கிறது. வைக்கோலிலிருந்தும் எடுக்கலாம், பானிப்பட்டில் 2022-ல் அப்படி ஓர் ஆலை திறந்தார்கள். இங்கே வைக்கோலுக்கு மாடு காத்திருக்கிறது.

இப்போதே பைக் தேவை என்றால் 2023 ஏப்ரலுக்குப் பின் வந்த, இ20-க்குத் (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) தோதான சாதாரண பெட்ரோல் பைக்கே போதும். பழைய பைக் இருந்தால் அதையே ஓட்டுங்கள். இ20-யால் டூவீலரில் மைலேஜ் 3 முதல் 4 சதவீதம் குறையும் என்பது அதே நிதி ஆயோக் அறிக்கையின் மதிப்பீடு. ஆனால் பெட்ரோல் டியூப், கார்புரேட்டர் வாஷர்களை மெக்கானிக்கிடம் அவ்வப்போது பார்க்கச் சொல்லுங்கள், பழைய ரப்பர் எத்தனாலில் ஊறி இளகும். அடைமழைக் காலத்தில் டேங்க் மூடி இடுக்கில் தண்ணீர் இறங்காமல் பாருங்கள். எத்தனால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும், அளவு மீறினால் இரண்டும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்க் அடியில் தங்கிவிடும். அப்புறம் எத்தனை கிக் அடித்தாலும் வண்டி கிளம்பாது, டேங்கை மொத்தமாக வடித்துவிட்டுத்தான் மறுபடி பெட்ரோல் ஊற்ற வேண்டும்.