ஆஸ்பத்திரிக் கட்டிலில் அத்தாவின் தொழுகை

வ அலைக்கும் ஸலாம் சகோதரி. இடுப்பெலும்பு முறிந்து ஊட்டி ஆஸ்பத்திரியில் இருக்கும் அத்தா, ஒளு (தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவுவது) செய்ய முடியாமல் தொழுகை போகிறதே என்று அழுகிறார், சாப்பாட்டையும் தள்ளுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். படிக்கவே மனசு கனத்தது.

முதலில் தொழுகைக்கு வழி செய்யுங்கள். தண்ணீர் படக்கூடாது என்று டாக்டர் சொன்னால் தயம்மும் போதும், அதாவது தண்ணீருக்குப் பதில் சுத்தமான மண்ணால் முகத்தையும் கைகளையும் தடவுவது. குர்ஆன் 5:6 நோயாளிக்கு அதை அனுமதிக்கிறது. இந்த மழையில் மலை மண் ஈரமாகத்தான் கிடைக்கும். வீட்டில் உலர்த்தி, மூடி போட்ட டப்பாவில் கொண்டு போங்கள். நர்ஸிடம் கேட்டுக்கொள்ளுங்கள், கட்டுப் போட்ட இடத்தில் தூசி படக்கூடாது. உள்ளங்கைகளை மண்ணில் தட்டி, உதறிவிட்டு முகத்தைத் தடவ வேண்டும். மறுபடி தட்டி, முழங்கை வரை கைகளை. டிரிப் ஏறும் கையை அவர் அசைக்க வேண்டாம், நீங்களே மெதுவாகத் தடவி விடுங்கள்.

கிப்லா, அதாவது தொழும்போது நோக்கும் மக்கா திசை, நம் மலையிலிருந்து மேற்கே, சுமார் 20 பாகை வடக்காக. கட்டிலைத் திருப்ப முடியாவிட்டால் இருக்கிற பக்கமே தொழலாம். படுத்தபடி தலையசைத்துத் தொழுவதும் முழுத் தொழுகைதான்.

அப்புறம், இதை மகள் சொல்வதைவிட இமாம் சொன்னால் அத்தா சட்டென்று ஏற்பார். உங்கள் ஜமாஅத் இமாமைப் பார்வையாளர் நேரத்தில் வரச் சொல்லுங்கள். வார்டு சிஸ்டரிடம் இன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.