விடியுமுன் ஊதும் இயந்திரம்: எரிச்சல் மட்டும்தானா, உடலையும் கெடுக்குமா?

கேள்வி: தக்கலைக்குப் பக்கத்தில் குடியிருக்கிறோம். வீட்டை ஒட்டி ஒரு திருமண மண்டபம். அதன் வளாகத்தில் தேக்கும் மகாகனியும் நிறைய நிற்கின்றன. மார்கழி கழிந்ததிலிருந்து பெரும்பாலான நாட்களில் காலை ஐந்தே கால் மணிக்கு, முதுகில் மாட்டிக்கொள்ளும் பெட்ரோல் இயந்திரத்தால் சருகை ஊதித் தள்ளுகிறார்கள். முக்கால் மணி நேரம் ஓடுகிறது. எனக்கு 61 வயது, இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். அந்தச் சத்தம் எழுந்ததும் நெஞ்சு படபடக்கிறது. மதியம் வரை தலை கனக்கிறது. ஒன்பது வயதுப் பேத்திக்கு ஆஸ்துமா உண்டு, அவளுக்கு இருமல் கூடியிருக்கிறது. மகனோ, "ரோட்டில் பஸ் ஓடவில்லையா, திருவிழாவுக்கு ஒலிபெருக்கி கட்டவில்லையா, இதை மட்டும் ஏன் பெரிதுபடுத்துகிறீர்கள்?" என்கிறான். இது உண்மையிலேயே உடம்பைக் கெடுக்குமா, இல்லை என் மனப்பிரமையா? இத்தகைய இயந்திரங்களைத் தடை செய்யக் கேட்பது நியாயமா?

மருத்துவர் பதில்:

அம்மா, இது மனப்பிரமை இல்லை. உறங்குகிறவரின் காது உறங்குவதில்லை. திடீரென்று ஓர் இரைச்சல் வந்தால், நீங்கள் கண் விழிப்பதற்கு முன்பே மூளை அதை ஆபத்தாக எடுத்துக்கொள்கிறது. அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமாக அடிக்கிறது, இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. விழிக்காமல் புரண்டு படுத்தவர்களிடமும் இந்த மாற்றம் பதிவாகியிருக்கிறது. அதிகாலை நேரத்தில் இரத்த அழுத்தம் இயல்பாகவே ஏறத் தொடங்கும். அந்த ஏற்றத்தின் மீதுதான் இந்த இயந்திரமும் வந்து ஏறிக்கொள்கிறது. உங்கள் படபடப்புக்கு இது போதுமான காரணம்.

மகன் சொல்வதற்கும் பதில் சொல்ல வேண்டும். பஸ் வருகிறது, போய்விடுகிறது. மூளை அதற்குப் பழகிக்கொள்கிறது. சருகு ஊதுகிறவர் விசையை அழுத்துவார், விடுவார், மறுபடி அழுத்துவார். சத்தம் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கும், எப்போது முடியும் என்றும் தெரியாது. ஏற்ற இறக்கமுள்ள, நம் கையில் கட்டுப்பாடு இல்லாத இரைச்சல், அதே அளவில் சீராக ஓடும் இரைச்சலைவிட மனிதர்களை அதிகம் வதைக்கிறது. ஒலிபெருக்கியைப் பொறுத்தவரை, திறந்த வெளியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அதற்கும் சட்டப்படி தடை இருக்கிறது. ஒரு தொந்தரவைச் சகித்தோம் என்பதற்காக இன்னொன்றையும் சகிக்க வேண்டும் என்பதில்லை.

இந்த இயந்திரங்களின் ஒலி அளவைத் தயாரிப்பாளர்கள் வழக்கமாக 15 மீட்டர் தொலைவில் அளந்து சொல்வார்கள். சத்தமான பெட்ரோல் ரகம் அங்கே 75 டெசிபல் வரை வரும். வெட்டவெளியில் தூரம் இரட்டிப்பாகும்போது சுமார் 6 டெசிபல் குறையும். 30 மீட்டரில் 69, 60 மீட்டரில் 63, 120 மீட்டர் தள்ளிப் போனாலும் 57. குடியிருப்புப் பகுதிக்கு நம் நாட்டு விதி அனுமதிப்பது பகலில் 55 டெசிபல், இரவில் 45. அதாவது நாலைந்து வீடு தள்ளி இருப்பவருக்குக்கூட அந்தக் கருவி ஓடும் நேரத்தில் பகல் வரம்பைத் தாண்டிய சத்தம்தான் வந்து சேரும். உங்கள் வீடோ மண்டபத்தை ஒட்டியே இருக்கிறது.

ஜன்னலைச் சாத்தினால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. பெட்ரோல் இயந்திரத்தின் தாழ்ந்த உறுமல் சுவரையும் கண்ணாடியையும் கடந்து வரக்கூடியது. நம் மாவட்டத்து வீடுகள் காற்று புகுவதற்காகக் கட்டப்பட்டவை. ஓட்டு வீடாக இருந்தால் கூரைக்கும் சுவருக்கும் இடையிலுள்ள திறப்பு வழியாகவே எல்லாச் சத்தமும் உள்ளே வந்துவிடும். ஜன்னலைச் சாத்தி, புழுக்கத்தில் உறக்கம் கெட்டுக் கிடக்கச் சொல்வது வைத்தியம் ஆகாது.

இனி உங்கள் இரத்த அழுத்தம். சாலை இரைச்சலுக்கும் விமான இரைச்சலுக்கும் பக்கத்தில் பல ஆண்டுகள் வாழ்ந்தவர்களிடம் உயர் இரத்த அழுத்தமும் இதய நோயும் கூடுதலாக இருப்பது பெரிய ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2018இல் ஐரோப்பாவுக்காக வெளியிட்ட வழிகாட்டுதலும் அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டது. நாளுக்கு முக்கால் மணி நேரம் ஓடும் சருகு இயந்திரத்தை அதோடு அப்படியே பொருத்திவிடக் கூடாது. ஆனால் தினமும் உறக்கம் பறிபோவது அழுத்தத்தை ஏற்றக்கூடும்.

வீட்டிலேயே அளந்து பாருங்கள். மேல்கையில் கட்டும் டிஜிட்டல் கருவி போதும். ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து, கையை இதய மட்டத்தில் வைத்து, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளக்க வேண்டும். காலையில் மாத்திரைக்கு முன்பும் இரவிலும் ஏழு நாட்கள் குறித்துக்கொள்ளுங்கள். இயந்திரம் ஓடிய நாள், ஓடாத நாள் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். சராசரி 135/85க்கு மேல் நின்றால் உங்கள் மருத்துவரிடம் அந்தத் தாளோடு போங்கள். மாத்திரையை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். படபடப்போடு நெஞ்சு வலி, வியர்வை, மூச்சுத் திணறல், மயக்கம் ஏதாவது வந்தால் இயந்திரத்தின் மீது பழி போட்டுக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். படபடப்பு அடிக்கடி வருகிறதென்றால் எப்படியும் ஒரு இ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது.

பேத்தியின் விஷயத்தில் சத்தத்தைவிடப் புழுதிதான் குற்றவாளி. மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் வேகமாகக் காற்று அடிக்கும் குழாய் அது. சருகோடு தரையில் கிடக்கும் எல்லாமும் எழும்பும்: பூஞ்சை வித்துகள், மகரந்தம், காய்ந்த பறவை எச்சம், நாயின் மலம், சாலைத் தூசு. சருகு உடனே கீழே விழுந்துவிடும். நுண்துகள் காற்றிலேயே நிற்கும். டூ-ஸ்ட்ரோக் என்ஜினின் புகை அதற்கு மேல். பெட்ரோலையும் எண்ணெயையும் கலந்து எரிக்கும் இந்த வகை என்ஜினில் ஊற்றும் எரிபொருளில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு எரியாமலே வெளியேறுகிறது. தொழில்முறை இயந்திரம் ஒன்று ஒரு மணி நேரம் ஓடினால் வெளிவிடும் புகைமூட்ட வாயுக்கள், ஒரு நவீன காரை ஏறத்தாழ 1,770 கிலோமீட்டர் ஓட்டுவதற்குச் சமம் என்று கலிஃபோர்னியாவின் காற்று வள வாரியம் கணக்கிட்டது. கன்னியாகுமரியிலிருந்து சென்னைக்குப் போய்த் திரும்பும் தூரத்தையும் தாண்டிய கணக்கு அது.

குழந்தையின் படுக்கையை மண்டபத்துப் பக்கமில்லாத அறைக்கு மாற்றுங்கள். இயந்திரம் ஓடும்போதும் அது நின்ற பின் அரை மணி நேரமும் அந்தப் பக்க ஜன்னல் சாத்தியிருக்கட்டும். காலையில் தரையை ஈரத்துணியால் துடையுங்கள். தினசரி எடுக்கச் சொன்ன தடுப்பு இன்ஹேலரை "இருமல் இல்லையே" என்று நிறுத்திவிடாதீர்கள். இந்த வயதுக்கு ஸ்பேசர் (இன்ஹேலரோடு பொருத்தும் குழாய்) வைத்து எடுப்பதே சரி. இரவில் இருமி எழுவதோ, நிவாரண இன்ஹேலர் வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் தேவைப்படுவதோ இருந்தால் ஆஸ்துமா கட்டுப்பாட்டில் இல்லை என்று பொருள். குழந்தைகள் நல மருத்துவரைப் பாருங்கள்.

உங்கள் கடிதத்தில் வராத ஒருவரைப் பற்றி நான் பேசியாக வேண்டும். அந்த இயந்திரத்தைச் சுமக்கிறவர். உங்களுக்கு அது சுவருக்கு அப்பால் இருக்கிறது; அவருக்கு முதுகிலேயே இருக்கிறது. அவர் காதருகே ஒலி 95 டெசிபலைத் தாண்டும், பல மாடல்களில் 100ஐத் தொடும். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் வரை வேலை செய்யலாம் என்பது அமெரிக்கத் தொழில்சார் நலன் ஆய்வு நிறுவனத்தின் பரிந்துரை. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாக வேண்டும். அந்தக் கணக்கில் 100 டெசிபலுக்கு ஒரு நாளைக்கு 15 நிமிடம்தான். அவர் முக்கால் மணி நேரம் ஊதினால், ஒரே காலையில் மூன்று நாள் அளவை வாங்கிக்கொள்கிறார்.

உள்காதில் ஒலியை உணரும் மயிர்ச்செல்கள் ஒரு காதுக்கு ஏறத்தாழ 15,000 இருக்கின்றன. இரைச்சலில் செத்தவை மறுபடி முளைப்பதில்லை. முதலில் போவது உச்சஸ்தாயி ஒலிகள். பேச்சுச் சத்தம் கேட்கும், சொல் பிடிபடாது: 'படி' என்றால் 'கடி' என்று கேட்கும். பெண்கள், குழந்தைகள் பேசுவது புரியாமல் போகும். காதுக்குள் இடைவிடாத ரீங்காரம் தொடங்கும். அதை அடியோடு நீக்கும் மருந்து இல்லை. ஜனவரி, பிப்ரவரியில் ரப்பர் மரங்கள் இலை உதிர்க்கும்போது, தீ பரவாமலிருக்கச் சருகை ஒதுக்கும் தொழிலாளர்களும், மழைக்குப் பின் புல் வெட்டும் மெஷினைத் தோளில் மாட்டி நாள் முழுவதும் நிற்பவர்களும் இதே ஆபத்தில்தான் இருக்கிறார்கள். இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பை அறிவிக்கப்பட வேண்டிய தொழில் நோயாக 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் பட்டியலிட்டது. தோட்டத்திலும் மண்டபத்திலும் தினக்கூலிக்கு நிற்பவர் எந்தத் தொழிற்சாலையின் கணக்கிலும் வருவதில்லை. இது என்னை மிகவும் வருத்தும் விஷயம். வீட்டில் எல்லோரும் தன்னிடம் கத்திப் பேச வேண்டியிருக்கிறது என்று மனைவி சொல்லி அழைத்து வரும்போதுதான் இவர்களில் பலர் மருத்துவரிடமே வருகிறார்கள்.

இவர்கள் காதில் பஞ்சைத் திணித்துக்கொள்வதால் பெரிய பயன் இல்லை. நுரை அடைப்பான் வேண்டும்: விரலால் மெல்லியதாக உருட்டி, மறு கையால் காதை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்து, உள்ளே வைத்து, அது விரியும் வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். அதற்கு மேல் காதை மூடும் கவசமும் மாட்டினால் இன்னும் நல்லது. இரண்டும் சேர்ந்தாலும் இயந்திரத்தின் விலையில் ஒரு சிறு பகுதிதான். கவசம் வாங்கித் தர மனமில்லாத முதலாளி அந்த இயந்திரத்தை வாங்கவே கூடாது என்பேன்.

தடை நியாயமா என்று கேட்டீர்கள். குடியிருப்புகளுக்கு நடுவே பெட்ரோலில் ஓடும் சருகு இயந்திரத்துக்குத் தடை வேண்டும் என்பதே என் கருத்து. கலிஃபோர்னியாவின் கார்மல் நகரம் 1975இலேயே இதைத் தடை செய்தது. வாஷிங்டன் நகரில் 2022 ஜனவரி முதல் பெட்ரோல் ரகத்துக்கு அனுமதி இல்லை. ரப்பர் தோட்டத்தை இதோடு சேர்க்க மாட்டேன். அங்கே காய்ந்த சருகு தீப்பிடித்தால் மரமும் போகும், மனிதர்களும் ஆபத்தில் சிக்குவார்கள். கவசத்தோடு, ஆள் மாற்றி, குறைந்த நேரம் ஊதட்டும். ஒரு மண்டபத்து முற்றத்துக்கு அந்த அவசியம் இல்லை.

தடை என்று சொல்லிவிட்டு, ஒரே ஒரு பெண்ணிடம் குட்டையான வாரியலைக் கொடுத்து முழு வளாகத்தையும் குனிந்து பெருக்கச் சொன்னால் அதுவும் அநீதிதான். முதுகு வலியோடு அவர் வேறொரு மருத்துவரிடம் போய் நிற்பார். நீண்ட கைப்பிடி போட்ட வாரியல், இரண்டு ஆள், விடிந்த பிறகு வேலை. நிகழ்ச்சி இல்லாத நாளில் மரத்தடியில் சருகு கிடந்தால் என்ன கெட்டுவிடும்? அள்ளிய சருகைத் தென்னந்தடத்தில் போட்டால் மண்ணின் ஈரம் காக்கும். பேட்டரியில் ஓடும் இயந்திரம் சத்தத்திலும் புகையிலும் எவ்வளவோ மேல், ஆனால் புழுதியை அதுவும் கிளப்பும். தவிர்க்க முடியாவிட்டால் ஏழு மணிக்குப் பிறகு, தரையில் லேசாகத் தண்ணீர் தெளித்துவிட்டு.

முதலில் மண்டப மேலாளரிடம் நேரில் பேசுங்கள், மகனையும் கூட்டிக்கொண்டு போங்கள். கேட்கவில்லை என்றால் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி காலை 6 மணி வரை இரவுதான். ஐந்தே காலுக்கு ஓடும் இயந்திரத்துக்குப் பொருந்துவது 45 டெசிபல் வரம்பு. வரம்பை 10 டெசிபல் தாண்டினாலே யாரும் புகார் கொடுக்கலாம். விசாரித்து, எழுத்து மூலம் கட்டுப்படுத்தும் அதிகாரம் மாவட்ட நிர்வாகத்துக்கு உண்டு. நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுங்கள். நாகர்கோவிலில் உள்ள மாசுக் கட்டுப்பாட்டு வாரிய மாவட்ட அலுவலகத்துக்கும் ஒரு நகல் போகட்டும். தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், உங்கள் இரத்த அழுத்தக் குறிப்பு, பேத்தியின் மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் இணையுங்கள். கைபேசிச் செயலி காட்டும் டெசிபல் உங்கள் மனத்தெளிவுக்கு உதவும். சான்றாக நிற்பது அதிகாரிகள் உரிய கருவியால் அளப்பதுதான். அதனால் ஐந்தே கால் மணிக்கே வந்து அளக்கும்படி மனுவிலேயே கேளுங்கள்.

மேலாளரிடம் பேசும்போது அந்தத் தொழிலாளியின் காதைப் பற்றியும் பேசுங்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு அவரை அனுப்பி, செவித்திறன் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்லுங்கள். பரிசோதனைக்கு முன் குறைந்தது 14 மணி நேரமாவது காது இரைச்சலில்லாமல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் முடிவு தவறாக வரும். ஆகவே அன்று காலை அவர் இயந்திரத்தைத் தொடாமல் நேரே மருத்துவமனைக்குப் போகட்டும். அந்த நாள் கூலியை மண்டபம் பிடிக்கக் கூடாது.