கற்பனை நாட்டின் படைக்கு நீராவி டாங்கி வடிவமைப்பது எப்படி?

கதையில் வரும் நாட்டில் பெட்ரோல் என்ஜினே கிடையாது, 1890 வாக்கிலான தொழில்நுட்பம்தான், இரும்புத் தகடு எவ்வளவு கனம் போடலாம், எந்தப் பீரங்கி வைக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் திருப்பூர்ப் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் பன்னிரண்டு வருடமாக விறகு பாய்லர் பார்க்கிறேன். பீரங்கியை அப்புறம் பார்க்கலாம், முதலில் தண்ணீருக்கு வழி சொல்லுங்கள்.

அந்தக் காலத்து என்ஜின், ஒரு குதிரைசக்தியை ஒரு மணி நேரம் தர சுமார் 12 லிட்டர் தண்ணீரை ஆவியாக்கும். உங்கள் டாங்கிக்கு 100 குதிரைசக்தி என்றால் மணிக்கு 1,200 லிட்டர். பத்து மணி நேரம் ஓட 12,000 லிட்டர் வேண்டும். எங்கள் ஊரில் ஒரு பெரிய தண்ணீர் லாரி கொள்ளும் அளவு அது! கூடவே மணிக்கு 200 கிலோ நிலக்கரி. புகைபோக்கியில் வீணாகும் ஆவியைக் குளிரவைத்து மறுபடி தண்ணீராக்கலாம், ஆனால் அதற்கான குழாய்களே ஒரு அறையை அடைத்துக்கொள்ளும். ஆகவே உங்கள் படை ஆற்றையும் கிணற்றையும் ஒட்டித்தான் நகர முடியும். போரின் போக்கையே அதை வைத்து எழுதலாம்.

அடுத்தது சரிவு. இதை யாரும் யோசிப்பதில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் மூத்த பாய்லர்காரர் சொன்னார்: "கண்ணு, நெருப்ப அப்பறம் பாரு, மொதல்ல கண்ணாடியில தண்ணி நிக்குதான்னு பாரு." பாய்லருக்குள் நீர்மட்டம் எவ்வளவு என்று காட்டும் கண்ணாடிக் குழாயைத்தான் சொன்னார். பாய்லருக்குள் நெருப்பு எரியும் அறையின் மேல்தகடு எப்போதும் தண்ணீருக்குள் மூழ்கி இருக்க வேண்டும். வெளியே தெரிந்தால் சிவந்து, இளகி, அழுத்தம் தாங்காமல் கிழிந்துவிடும். படுத்தவாக்கில் மூன்று மீட்டர் நீள பாய்லரை வைத்து, மூன்றுக்கு ஒன்று சரிவில் டாங்கி ஏறினால், இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நீர்மட்டம் ஒரு மீட்டர் வித்தியாசப்படும். குண்டே விழாமல் டாங்கி வெடிக்க அது போதும்.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் மலை ரயிலில் பன்னிரண்டுக்கு ஒன்று சரிவுதான். அதற்கே பல் தண்டவாளமும் அதற்கெனத் தனி சிலிண்டர்களும் வேண்டியிருக்கின்றன. சுவிட்சர்லாந்தின் ரீகி மலையில் 1870களில் ஓடிய ஆரம்பகால என்ஜின்களில் பாய்லரை நின்றவாக்கில் வைத்தார்கள். நீங்களும் அதையே செய்யுங்கள். ஒரு மீட்டர் அகலத்தில் நிமிர்த்தி வைத்தால் அதே சரிவில் நீர்மட்டம் நடுவிலிருந்து 17 சென்டிமீட்டர்தான் இறங்கும், சமாளிக்கலாம். மேல்தகட்டில் ஈயச் செருகி ஒன்றும் அவசியம். தண்ணீர் குறைந்தால் அது உருகி, ஆவி இறங்கி நெருப்பை அடக்கும்.

நீராவியின் பெருமையையும் சொல்ல வேண்டும். நின்ற இடத்திலிருந்தே முழு இழுவை கிடைக்கும், கிளட்ச் வேண்டாம். மழை பெய்த கரிசல் காட்டில் டிராக்டர் புதைந்து நிற்பதைப் பார்த்தவர்களுக்கு அதன் மதிப்பு தெரியும். சக்கரம் வேண்டாம், சங்கிலிப் பட்டை போடுங்கள். அமெரிக்காவில் லொம்பார்ட் என்பவர் 1901ல் காப்புரிமை பெற்ற மரம் இழுக்கும் நீராவி வண்டி பட்டையில்தான் ஓடியது. 1918ல் அமெரிக்க ராணுவம் மண்ணெண்ணெயில் எரியும் நீராவி டாங்கி ஒன்றையே செய்து பார்த்தது. சுமார் 50 டன், இரண்டு என்ஜின், சேர்த்து 500 குதிரைசக்தி, வேகம் மணிக்கு 6 கிலோமீட்டர்தான். ஒவ்வொரு பட்டைக்கும் ஒரு என்ஜின் என்பதால் ஒன்றை மெதுவாக்கினாலே வண்டி திரும்பும். இந்த ஏற்பாட்டை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

தகட்டுக்கு 8 மில்லிமீட்டர் போதும். 1916ல் வந்த பிரிட்டிஷ் டாங்கிகளே 6 முதல் 12 மில்லிமீட்டர்தான். ஆனால் பாய்லருக்கும் ஆட்களுக்கும் நடுவே தனிச் சுவர் கண்டிப்பாக வையுங்கள். ஒருமுறை எங்கள் பட்டறையில் நீர்மட்டக் கண்ணாடி உடைந்தது. விரல் கனமுள்ள குழாய்தான், இரண்டு நொடியில் எதிரே நிற்பவர் முகம் தெரியவில்லை, என் முன்கை வெந்து தோல் உரிந்தது. அது திறந்த கொட்டகை, ஓடிவிட்டோம். மூடிய இரும்புப் பெட்டிக்குள் எட்டுப் பேர் இருந்தால் என்ன ஆகும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

உப்புத் தண்ணீரும் ஆகாது. எங்கள் போர்வெல் தண்ணீரை மென்மையாக்காமல் விட்டால் குழாய்க்குள் கல் மாதிரி படிந்துவிடும். கதையில் எதிரிகள் கிணறுகளில் உப்பைக் கொட்டிவிட்டுப் பின்வாங்கட்டும். உங்கள் நாட்டு வரைபடத்தில் ஆறு, ஏரி, கிணறு எங்கெங்கே என்று சொன்னால், எத்தனை டாங்கிக்கு எத்தனை தண்ணீர் வண்டி என்று கணக்குப் போட்டுத் தருகிறேன்.